முறிகண்டியில் நிற்காத றாம்

கிளிநொச்சியில் கம்பியூட்டர் வாங்கப் போனால், 3200 என்று கொட்டை எழுத்தில் போட்ட றாமைத்தான் முதலில் காட்டுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து டாஸ்க் மனேஜரைத் திறந்தால் வேகம் 2133, மிஞ்சினால் 2400. கேட்டால் "பாவிக்கப் பாவிக்கக் கூடும் அண்ணை" என்பார் கடைத்தம்பி.

ஒருநாளும் கூடாது. பல றாம்களில் அந்த 3200, எக்ஸ்எம்பி என்ற பெயரில் ஒரு சின்னச் சிப்பில் எழுதிவைத்த வாக்குறுதி. ஏ9 வீதியில் வரும் வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பதுபோல, பயோஸில் ஒருதரம் இறங்கி அதை இயக்கிவிட வேண்டும், மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35க்கு ஏறும். வாங்கினது எச்410 போர்டும் ஐ3யும் என்றால் எந்தப் பிள்ளையாரும் உதவார், 2666தான் எல்லை.

இதில் இன்னொரு கூத்து: 3200இன் உண்மையான கடிகாரம் 1600 மெகாஹேர்ட்ஸ்தான். ஒரு துடிப்புக்கு இருதரம் தரவு போவதால் இரட்டிப்பாக்கிப் பெட்டியில் அடிக்கிறார்கள். விலையை மட்டும் யாரும் பாதியாக்கிச் சொல்வதில்லை.

சரி, டிலீட் பட்டனைத் தட்டித் தட்டி பயோஸுக்குள் புகுந்து 3200ஐப் பிடித்தாயிற்று. அடுத்த வேலை? விதானையாருக்கு ஒரு கடிதம், பாமினி எழுத்துருவில்.