பக்கத்தின் அடிவரியை எழுதும் அதிகாரி அவர்களுக்கு

அனுப்புநர்:
கணினி மையம் நடத்துபவர் (ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்),
திருவண்ணாமலை – செஞ்சி சாலை,
கீழ்பென்னாத்தூர்.

பெறுநர்:
அரசு இணையதளங்களின் கடைசி வரியை எழுதும் அதிகாரி அவர்கள்,
துறை: எல்லாத் துறையும்.

பொருள்: பிரவுசர் தேர்வு – எந்தத் தளத்தை எதில் திறப்பது எனத் தெரியாமல் பொதுமக்கள் அல்லாடுவது – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் தளத்தின் அடியில் எறும்பு எழுத்தில் உள்ள அறிவிப்பு: ‘இத்தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், 1024 × 768 திரையளவில் சிறப்பாகக் காணலாம்.’

ஐயா,

தங்கள் எழுத்தின் நெடுநாள் வாசகன் நான். ஒரு அரசுத் தளம் திறந்தால் மற்றவர்கள் மேலே இருக்கும் படத்தைப் பார்ப்பார்கள், குறுக்கே ஓடுகிற அறிவிப்பைப் பார்ப்பார்கள். நான் மவுஸை உருட்டி நேராக அடிக்குப் போய்விடுவேன். ஆட்சி மாறினால் மேலே படம் மாறுகிறது. துறைக்குப் பெயர்கூட மாறுகிறது. அடியில் தங்கள் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தனை காலம் யாரும் கை வைக்காத உரைநடை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வரியில் தாங்கள் சிபாரிசு செய்யும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022 ஜூன் 15ஆம் தேதியே காரியம் முடித்துவிட்டது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். தகவல் இன்னும் தபாலில் இருக்கலாம். கவலை வேண்டாம், அடியோடு கைவிட்டுவிடவில்லை. எட்ஜ் பிரவுசருக்குள் ‘ஐஇ மோட்’ என்று ஒன்றை வைத்து, 2029 வரையாவது ஓட்டுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கத் தங்களைப் போன்றவர்கள் பெரிய பெரிய ஆபீஸ்களில் இருப்பதால் செய்த ஏற்பாடு அது. இந்த விஷயத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை.

தங்கள் வரிக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்த் தளம் என்றால் ஆளுக்கொரு எழுத்துரு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று குறியீடுகளை வகுத்தார்கள். வகுத்த பிறகும் அவரவர் எழுத்துரு அவரவருக்கு. வாசகர் தனியாக எழுத்துரு இறக்காமலே படிக்க வேண்டும் என்று பல பத்திரிகைகள் ‘டைனமிக் ஃபான்ட்’ வைத்தன. அதில் ஒரு வகை எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். வேறு பிரவுசரில் திறந்தால் தலைப்புச் செய்தி முழுக்கப் பூச்சி பூச்சியாக நெளியும். அப்போது ‘எக்ஸ்ப்ளோரரில் பாருங்கள்’ என்று எழுதினால் அது உதவி. தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்ட பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. காரணம் போனது, வரி இருக்கிறது.

இனி எங்கள் ஊர் நிலவரம். கீழ்பென்னாத்தூர் தாலுகா தலைமையிடம் என்பதால் வேட்டவலம் பக்கத்திலிருந்தெல்லாம் சனங்கள் வந்து இறங்குவார்கள். மல்லாட்டை பிடுங்குகிற பருவத்தில் பகலில் கடை காலி. சாயங்காலம் விரலில் செம்மண் காயாமல் வந்து நிற்பார்கள். ரேகை விழாது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்லி, மறுபடி துடைத்து, ஒருவழியாக ரேகை விழுந்தால், அதன் பிறகுதான் எங்கள் உண்மையான வேலை ஆரம்பிக்கும்: எந்தப் பிரவுசர்?

ஒரு துறையின் படிவம் குரோமில் அழகாகத் திறக்கும், ‘சமர்ப்பி’ பொத்தான் மட்டும் இருக்காது. அதையே ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் பொத்தான் இருக்கும், மாவட்டப் பட்டியல் விழாது. எட்ஜில் மாவட்டம் விழும், தாலுகா விழாது. இதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். ஓடிபி வருகிற போன் வீட்டில் பையனிடம் இருக்கும், பையன் சோமாசிபாடி பக்கம் ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான்.

கடைக்கு வரும் பெரியவர்களுக்குப் பிரவுசர்களின் பெயர் தெரியாது, படம் தெரியும். கலர் வட்டம், நரி, நீல அலை. வாரிசுச் சான்றுக்கு வந்த ஆயா ஒருவர் என் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

“போன வாட்டி நரியிலதானப்பா வந்துது. அதுலயே போடேன்.”

“அது வேற ஆபீஸு ஆயா. இது கலர் வட்டத்துலதான் எடுக்கும்.”

“ஆபீஸுக்கு ஒண்ணு வச்சிருக்கானுங்களா? இதுக்கும் எதனா குடுக்கணுமா?”

குடுக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். நம்பவில்லை.

திருவண்ணாமலைக்குப் பக்கத்துக்காரன் என்பதால் எனக்கு இது புரியாத ஏற்பாடு இல்லை. கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு இருக்கின்றன. நோய்க்கு அக்னி லிங்கம், காசுக்குக் குபேர லிங்கம் என்று அவரவர் குறைக்கு ஏற்ற இடத்தில் கூடுதலாக நின்று கும்பிடுவார்கள். ஆனால் எட்டு இடத்தில் நின்றாலும் சுற்றுவது ஒரே மலையைத்தான். பிரவுசர் கதையும் இப்போது அங்கேதான் வந்து நிற்கிறது. குரோமுக்குள் இருக்கும் எஞ்சின் பெயர் பிளிங்க். ஓபரா தன் சொந்த எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு 2013இல் குரோமியத்துக்கு மாறியது. எக்ஸ்ப்ளோரரைப் பெற்ற மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில் எட்ஜை அதன்மேல் ஏற்றியது. பிரேவ், விவால்டி, சாம்சங் போனில் வருவது என எல்லாவற்றுக்கும் அதுதான். ஐபோனில் படம் எதுவாக இருந்தாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் (ஐரோப்பாவில் 2024 மார்ச்சிலிருந்து விலக்கு உண்டு). பிளிங்கே 2013இல் அந்த வெப்கிட்டிலிருந்து பிரிந்து வந்ததுதான். தனிச் சமையல் என்று மிச்சம் இருப்பது ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ.

ஆகவே குரோமில் வராத பக்கம் எட்ஜில் வந்துவிட்டால் அது எட்ஜின் சாமர்த்தியம் இல்லை. பெரும்பாலும் குரோமில் பாப்-அப் தடுக்கப்பட்டிருக்கும், அல்லது பழைய பக்கத்தின் நகல் தேங்கியிருக்கும், அல்லது ஐஇ மோட் வேலை செய்திருக்கும். இதை நான் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. ஒரு பிரவுசரை மூடி இன்னொன்றைத் திறக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு நம்பிக்கை வருகிறது. அதைக் கெடுப்பானேன்.

பச்சை டிக் விவகாரத்துக்கு வருகிறேன். தாங்கள் வழங்கும் சான்றிதழ் பிடிஎஃப்பில் மின்கையொப்பம் இருக்கிறது. பிரவுசரிலேயே திறந்தால் அது வெறும் படம். கையொப்பம் சரியா என்று பெரும்பாலும் பிரவுசர் பார்ப்பதில்லை. அடோபி ரீடரில் திறந்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்விக்குறி. கல்லூரி ஆபீஸில் ‘டிக் இல்லையே, போய் டிக் வாங்கிட்டு வா’ என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னிடம் வருவார்கள். வலது கிளிக், கையொப்பத்தைச் சரிபார், சான்றிதழைக் காட்டு, நம்பிக்கைக்குரியவர்கள் பட்டியலில் சேர். அதன் பிறகு டிக் பச்சையாகும். அதாவது, ஐயா, கீழ்பென்னாத்தூரில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ‘இந்திய அரசை நம்புகிறேன்’ என்று கிளிக் செய்தால்தான் இந்திய அரசின் கையெழுத்து செல்லும். இவ்வளவு பெரிய அதிகாரத்துக்கு நான் பத்து ரூபாய்தான் வாங்குகிறேன்.

பிரவுசர்களிடமும் இப்படியொரு நம்பிக்கைப் பட்டியல் உண்டு. அதில் நம் நாட்டுக்குக் கொஞ்சம் பழைய கசப்பும் உண்டு. 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரிலேயே அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. நம் நாட்டின் மூலச் சான்றிதழ் அப்போது மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால் விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர் அவற்றை நம்பியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தனிப் பட்டியல் வைத்திருந்ததால் தப்பியது. உடனே ரத்து செய்தார்கள். நம் சான்றிதழ்களைக் குறிப்பிட்ட இந்திய முகவரிகளுக்கு மட்டும் என்று குரோம் வரம்பு கட்டியது. ஆக, தாங்கள் சிறப்பாகக் காணச் சொன்ன பிரவுசர்தான் அன்று ஏமாறத் தயாராக இருந்தது.

இதற்கெல்லாம் பரிகாரமாக மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் இந்திய பிரவுசர் போட்டி ஒன்றை அறிவித்தது. நம் மூலச் சான்றிதழ் உள்ளேயே இருக்க வேண்டும், பிரவுசரிலேயே மின்கையொப்பம் போட முடிய வேண்டும் என்பவை நிபந்தனைகள். மொத்தப் பரிசு 3.41 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் முடிவு வந்தது. சென்னையின் ஸோஹோவுக்கு முதல் பரிசு ஒரு கோடி. அவர்களுடைய பிரவுசர் ‘உலா’. பெயர் நம்முடையது, எஞ்சின் குரோமியம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு எஞ்சினை முதலிலிருந்து கட்டுவது ஒரு கோடியில் நடக்கிற காரியமே இல்லை. மைக்ரோசாஃப்டே கையைத் தூக்கிய இடம் அது. உலாவை நானும் இறக்கி வைத்திருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அரசு பரிசு கொடுத்த பிரவுசரில் அரசுத் தளம் சிறப்பாகத் தெரியும் என்று தாங்கள் எங்கேயும் எழுதக் காணோம். எக்ஸ்ப்ளோரர் மேல் அவ்வளவு பாசமா?

ஐரோப்பாவில் இதைத் தேவையில்லாமல் பெரிதுபடுத்துகிறார்கள். எந்தப் பிரவுசர் வேண்டும் என்று மக்களிடமே கேள் என்று மைக்ரோசாஃப்டைக் கட்டாயப்படுத்தி, 2010 மார்ச்சில் தேர்வுத் திரை வைக்க வைத்தார்கள். 2011 மே முதல் 2012 ஜூலை வரை ஒரு விண்டோஸ் பதிப்பில் அந்தத் திரை விடுபட்டுப்போனதற்கு 2013இல் 56.1 கோடி யூரோ அபராதம். நம் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு செல்வாக்கை வைத்து குரோமைக் காப்பாற்றிக்கொண்டது என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அடுத்த ஆண்டு நமக்குக் கிடைத்த தேர்வுத் திரை தேடுபொறிக்கானது, பிரவுசருக்கானது இல்லை. பரவாயில்லை. நிறுவனங்கள் மறுத்த தேர்வை எங்களுக்குத் தாங்கள் தினமும் தருகிறீர்கள்: பொத்தான் வேண்டுமா, மாவட்டம் வேண்டுமா?

என் சொந்தத் தேர்வையும் சொல்லிவிடுகிறேன், கோப்பில் இருக்கட்டும். கடையில் ஒரு கணினி இன்னும் விண்டோஸ் 7. அதற்கு குரோம் 109ஆம் பதிப்போடு கதவை அடைத்தது, 2023 பிப்ரவரியில் வந்த 110 அதில் ஏறவில்லை. அதன் பிறகும் பாதுகாப்புத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தது நரிதான், 115ஆம் பதிப்பில். இன்னொரு காரணம் தேர்வு முடிவு வருகிற நாள். ‘டவுன்லோடு’ என்று பச்சையாக மின்னுகிற பொத்தான் பத்து இருக்கும், ஒன்பது விளம்பரம். அவற்றைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின், நீட்டிப்பு விதிகளை மாற்றிய குரோமில் இப்போது ஓடுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் முழுசாக ஓடுகிறது. பிளஸ் டூ மதிப்பெண் பார்க்க வந்த பிள்ளை கடன் செயலியை இறக்கிக்கொண்டு போகாமல் இருக்க எனக்கு அது வேண்டும். ஆகவே என் மேசையில் முதல் இடம் நரிக்கு. தங்கள் தளங்களுக்காக மட்டும் மற்றவற்றையும் வைத்துச் சோறு போடுகிறேன்.

தங்களுக்கு என் கோரிக்கை எளியது. விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் ‘பிரவுசர் தகுதிச் சான்றிதழ்’ வழங்க ஆணையிட வேண்டும். வழக்கம்போல் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கட்டம். வி.ஏ.ஓ. நேரில் வந்து, மனுதாரர் வீட்டில் எக்ஸ்ப்ளோரர் உள்ளதா, அது இறந்துவிட்டதென்றால் அதன் வாரிசு யார் என விசாரித்து அறிக்கை தரலாம். சான்றிதழுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பிரவுசரில் என்பதை அந்தச் சான்றிதழிலேயே குறிப்பிடலாம்.

இல்லையென்றால் சிரமம் குறைந்த வழி ஒன்று உண்டு. அரசுத் தளங்கள் பல பிரவுசர்களில் சோதிக்கப்பட்டு, அவற்றில் திறக்க வேண்டும் என்று அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. 2009இல் முதலில் வந்து, 2023இல் மூன்றாம் பதிப்பு கண்டவை அவை. எழுதியது அரசாங்கம்தான், அயலார் யாருமில்லை. தங்கள் அலுவலக அலமாரியில் ஒரு பிரதி இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி மையம் நடத்துபவர்.

இணைப்பு: ஒரே படிவத்தின் படங்கள் – பொத்தான் இல்லாதது, மாவட்டம் இல்லாதது, தாலுகா இல்லாதது.

குறிப்பு: மேற்படி கடிதத்தைத் தங்கள் தளத்தின் ‘கருத்துகளைத் தெரிவிக்க’ பக்கத்தில் ஏற்ற முயன்றேன். முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் அனுமதிக்கப்படாத எழுத்துகள் என்று வந்தது. அவற்றை எடுத்துவிட்டு அனுப்பினால் தங்களுக்கு மூச்சு வாங்கும் என்பதால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். ரசீது கையில் இருக்கிறது.