நாற்பத்தொரு ஆணியும் ஒரு வாஷரும்

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே வீடு முழுக்கத் தேடியவன் நான். கார் சாவிக்கும் எனக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்டவன், நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ தொலைத்த காசைப் பாலைவனத்தில் கண்டெடுக்கப் போவதாகச் சொல்லி மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்தபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இது உங்க சாக்ஸையும் கண்டுபிடிக்குமா?”

நாங்கள் இருப்பது லாஸ் வேகஸில். ஊரைத் தாண்டினால் நெவாடா பாலைவனம். அதில் ஆங்காங்கே ‘கோஸ்ட் டவுன்’. பெயர்தான் அப்படி; பேய் கிடையாது. தங்கமோ வெள்ளியோ கிடைத்தபோது முளைத்து, தீர்ந்தபோது ஆள் போய்விட்ட பாழூர்கள். நான் முதலில் கிளம்பியது அவற்றில் பெயர்போன ரையோலைட்டுக்கு. 1904-ல் ஷார்ட்டி ஹாரிஸும் எட் கிராஸும் பக்கத்துக் குன்றுகளில் தங்கம் கண்டார்கள். அடுத்த சில வருஷத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம், மூன்று மாடி வங்கி, ரயில் நிலையம், மின்விளக்கு. பீர் பாட்டில்களை அடுக்கியே ஒருவர் வீடு கட்டினார் என்றால் எவ்வளவு குடித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குடித்தவன் சில்லறையைத் தவறவிடாமலா இருப்பான்? என் திட்டத்தின் அஸ்திவாரமே இதுதான்.

1907 பணநெருக்கடியில் ஊர் ஆட்டம் கண்டது. 1911-ல் சுரங்கம் மூடியது, 1916-ல் மின்சாரமும் நின்றது. இதையெல்லாம் விழுந்து விழுந்து படித்த நான், படிக்க வேண்டிய ஒன்றைப் படிக்கவில்லை. அரசு நிலத்தில் நூறு வயதைத் தாண்டிய தொல்பொருளை அனுமதியில்லாமல் தோண்டி எடுப்பது குற்றம் என்று 1979-லேயே சட்டம் வந்துவிட்டது. இதைச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரையோலைட் போய்ச் சேர்ந்து, டிக்கியைத் திறக்கும் நேரத்தில் பெருமையடிக்க அவருக்கு போன் போட்டேன். டிக்கியை மூடிவிட்டு, வங்கிச் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். போக வர முன்னூற்று எண்பது கிலோமீட்டர்.

பெரியவர் இந்த டிடெக்டர் வேலையில் முப்பது வருஷம் ஊறியவர். என்மேல் இரக்கப்பட்டு, தனியாருக்குச் சொந்தமான ஒரு பழைய சுரங்க நிலத்துக்கு அழைத்துப் போனார். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி. கிடைப்பதில் முதல் தேர்வு உரிமையாளருக்கு. இடத்தின் பெயரை இங்கே எழுதினால் பெரியவர் என்னோடு பேசமாட்டார். மீன் பிடிப்பவர்களும் டிடெக்டர்காரர்களும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கும், நல்ல பூட்ஸாகப் போட்டு வா என்று சொல்லியிருந்தார். நானும் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து, முனையில் எஃகுத் தகடு வைத்தது ஒரு ஜோடி வாங்கினேன். டிடெக்டரின் ‘காயில்’ (கம்பிச்சுருள்) மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். உலோகம் எதிர்ப்பட்டால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அதை உணர்ந்து கருவி கத்தும். காயிலை வலமாக வீசும்போதெல்லாம் என் கருவி கத்தியது. தோண்டினேன், ஒன்றுமில்லை. ஓர் அடி நகர்ந்தேன், அங்கேயும் கத்தியது. மூன்று குழி ஆனதும் பெரியவர் வந்து, குழியைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். அன்று முழுக்க காயிலை எட்டிப் பிடித்துக்கொண்டு, குடையில்லாமல் குடை பிடித்து நடப்பவன் மாதிரி நடந்தேன்.

அதன் பிறகு ஆணி. ஆணி என்றால் ஒன்றிரண்டல்ல. பாலைவனத்தில் மரம் ஏது? பலகை அங்கே பொன்னுக்குச் சமம். ஊர் செத்ததும் வீடுகளைப் பிரித்து அடுத்த ஊருக்கு வண்டியேற்றிவிடுவார்களாம். மிச்சத்தை அடுப்பில் வைப்பார்கள். பலகை சாம்பலாகும், ஆணி மண்ணில் தங்கிவிடும். ஒரு தெரு முழுக்க என் காதில் ஆணியாகவே ஒலித்தது. நாற்பத்தொன்று வரை எண்ணினேன். பிறகு, இரும்பு ஒலிக்காதபடி செய்யக் கருவியில் ஒரு குமிழ் உண்டே என்று அதை ஒரே திருகாகத் திருகிவிட்டேன். என்ன ஒரு நிம்மதி! ஒரு மணி நேரம் பாலைவனமே மௌன விரதம். இரும்போடு சேர்த்துச் சின்னச் சின்ன நல்ல சாமான்களையும் வாயடைத்துவிட்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

குமிழைத் திருப்பி வைத்ததும் பீர் டின் மூடியின் இழுப்பு வளையம் ஒன்று கிடைத்தது. அறுபதுகளில்தான் வந்த சமாச்சாரம். சலித்துப்போய்த் தோளுக்குப் பின்னால் விட்டெறிந்தேன். அரைமணி கழித்து அருமையான ஒலி. ஆசையாகத் தோண்டினால், அதே வளையம். குப்பையானாலும் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது சுற்றுச்சூழல் அக்கறையால் மட்டுமல்ல.

அடுத்து செம்பில் ஒரு பொட்டு, அதில் தேய்ந்த எழுத்துகள். “காசு!” என்று நான் போட்ட சத்தத்தில் பெரியவர் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார். கால்சட்டை ரிவெட். அவர் அதைக் கையில் வாங்கியதும் முகமே மாறிவிட்டது. ஜீன்ஸ் பைகளின் மூலையில் ரிவெட் அடிக்கும் யோசனை இதே நெவாடாவில், ரீனோவில் தையற்கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸுக்கு வந்ததாம். லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873-ல் காப்புரிமை வாங்கினார். பெரியவர் கதை சொல்லி முடிக்கும்வரை, எனக்கு அது காசில்லை என்ற துக்கம்தான்.

சாயங்காலம் குப்பைப் பையைக் கொட்டினோம். ஆணிகளுக்கு நடுவே நான் வாஷர் என்று போட்டிருந்த பித்தளை வட்டத்தை அவர் பொறுக்கி எடுத்தார். வாஷர் என்றால் நடுவில் ஓட்டை இருக்க வேண்டும். இதில் இல்லை. அந்த அளவுக்கு நான் பார்க்கவில்லை. “வெறும் தண்ணீரில் ஊறப்போடு. தேய்க்காதே” என்று சொல்லி என்னிடமே கொடுத்தார்.

பித்தளையை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? அம்மா குத்துவிளக்கு துலக்கியதைப் பார்த்து வளர்ந்தவன். இரவே புளியைக் கரைத்துப் போட்டுத் தேய்த்தேன். தகதகவென்று ஆனது. எழுத்தும் தெரிந்தது: 12½ சென்ட் பெறுமான சரக்குக்குச் செல்லும். சாராயக் கடை டோக்கன். பழைய ஸ்பானிய டாலரை எட்டாகப் பிரித்த கணக்கில் ஒரு பங்கு அது, ‘ஒரு பிட்’. கால் டாலர் இங்கே ‘இரண்டு பிட்’. அணா போன பிறகும் இருபத்தைந்து பைசாவை நாம் நாலணா என்றே சொல்லிக்கொண்டிருந்தோமே, அதே பழக்கம். கால் டாலர் கொடுத்து ஒரு கிளாஸ் குடித்தவனுக்கு மீதிக்கு இதைக் கொடுத்துவிட்டால், அடுத்த கிளாஸுக்கும் அவன் அதே கடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

மறுநாள் பெருமையோடு பெரியவரிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். நூறு வருஷம் மண்ணில் கிடந்து ஏறிய நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் அப்போது சொல்லவில்லை. “நல்லா இருக்கு. நேத்து அடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

ஒப்பந்தப்படி நிலத்துக்காரரிடம் கொண்டுபோனோம். முதல் தேர்வு அவருடையது. டோக்கனை எடுத்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். மேஜைமேல் வைத்தார். பிறகு ரிவெட்டை எடுத்துக்கொண்டார்.