இரவு ஒன்பது மணிக்கு வெடிக்கும் எரிமலை: தொடக்கப் பள்ளி வீட்டுச் செயல்திட்டங்கள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ‘வீட்டில் செய்துவா’ என்று கொடுத்தனுப்பும் செயல்திட்டங்களை யார் செய்கிறார்கள் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பிள்ளைகள் செய்வதில்லை என்பது முதற்கட்ட முடிவு. இது ஊரறிந்த செய்திதான். ஆயினும் ஊரறிந்த செய்தியை உட்தலைப்பு போட்டு எழுதினால் அது ஆய்வாகிவிடும் என்னும் மரபை ஒட்டி மேலே செல்கிறோம்.

1. முன்னோர் ஆய்வுகள்

கையால் செய்து கற்க வேண்டும் என்ற கருத்துக்கு வயது அதிகம். 1918இல் அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக், செயல்திட்ட முறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நோக்கத்தோடு, முழு மனத்தோடு பிள்ளை ஈடுபடும் வேலையே கல்வி என்பது அவர் கட்சி. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்து, பாடங்களை அதைச் சுற்றி அமைத்தது. தக்ளியில் நூல் நூற்ற பிள்ளை, நூற்ற நூலை அளந்து கணக்கும் படித்தது. செய்வது பிள்ளை என்று இரு பெரியவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களது கோட்பாட்டில் எங்கள் கண்ணுக்குப் பட்ட ஒரே ஓட்டை இதுதான்: அம்மா என்னும் காரணியை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிறகு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான முறை அதற்கு முன்மாதிரி. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கற்றல் ஏணியில் தாம் நிற்கும் படியைப் பார்த்து, தமக்கான அட்டையைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். எட்டும் உயரத்தில் அவர்களுக்கென்று கரும்பலகையும் இருந்தது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துப் பாடம் நடத்தியது. இந்த வகுப்பறைச் செயல்பாடுகள்மீது எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. அங்கே புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு வைப்பது பிள்ளையேதான். பெற்றோரை வகுப்புக்குள் விடுவதில்லை என்பது இதற்குக் காரணமாக இருக்கலாம்.

சிக்கல் வாசலுக்கு வெளியே இருக்கிறது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. அந்த 40இல் 20 செயல்பாடுகளுக்கு. மதிப்பெண் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் தமிழ்ப் பெற்றோர் களத்தில் இறங்கினார்கள். எமது ஆய்வும் அங்கிருந்தே தொடங்குகிறது.

2. பொருட்கள்

சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஃபெவிகால், ஜிகினா, படங்கள் அச்சிட்ட தாள், தெர்மாகோல். இவற்றில் கடைசிப் பொருள் தனிக் கவனத்துக்குரியது. பாலிஸ்டைரீனை உப்பவைத்துச் செய்யும் தெர்மாகோலின் கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றுதான். வீட்டுச் செயல்திட்டத்தில் பிள்ளையின் பங்குக்கும் வீட்டாரின் பங்குக்கும் உள்ள விகிதமும் ஏறக்குறைய இதுவே என்பதால், இப்பொருள் தற்செயலாகத் தேர்வானதென்று நாங்கள் நம்பவில்லை.

2017இல் வைகை அணை நீர் ஆவியாகாமல் தடுக்க அதன்மேல் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்றடித்ததும் அவை கரை ஒதுங்கின. மாநில அளவில் புகழ்பெற்ற அந்தச் செயல்திட்டத்திலும் வேலை செய்தவர்கள் முழுக்கப் பெரியவர்களே என்பதைப் பதிவு செய்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோது தெர்மாகோல் தட்டும் குவளையும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. பள்ளிக்குச் செய்யும் தெர்மாகோல் சூரியக் குடும்பம் மட்டும் தப்பித்துக்கொண்டது.

3. நிகழ்வின் கால ஒழுங்கு

செயல்திட்டம் மூன்று கட்டங்களாக நிகழ்கிறது. முதலாவது அறிவிப்பு, இது பள்ளியில் நடக்கும். இரண்டாவது மறதி, இது ஒரு வாரம் நீடிக்கும். மூன்றாவது வெளிப்பாடு, இது இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்தபின் நடக்கும். கள உரையாடல் ஒன்று:

“மா, நாளைக்கு ப்ராஜெக்ட் கொண்டு போகணும்.”

“என்ன ப்ராஜெக்ட்?”

“எரிமலை.”

“எரிமலையா? எப்போடா சொன்னாங்க மிஸ்?”

“போன வாரம்.”

அடுத்த வசனங்களை ஆய்வேட்டில் அச்சிட இயலாது. அப்பா பைக்கை எடுக்கிறார். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நிற்கிறார். ஸ்டேஷனரிக் கடைக்காரர் அந்த முகத்தைப் பார்த்ததும், கேளாமலேயே தெர்மாகோலை எடுத்து வைக்கிறார். வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டது. இந்த இடத்தில் அப்பாவுக்குத் தாம் பொறியியல் படித்தவர் என்பது நினைவுக்கு வருகிறது. எரிமலைக்கு அடித்தளம் எத்தனை அங்குலம் என்று தாளில் படம் போடுகிறார். “தள்ளுங்க, கோணலா ஒட்டுறீங்க” என்று அம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொள்கிறார். கூட்டுக் கற்றல் என்று கல்வியியல் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எமது களத்தில் கிடைக்கவில்லை.

4. வகைப்பாடு

எரிமலை வகை: சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் கரியமில வாயு நுரைத்துப் பொங்கும். ‘சரியா வருதான்னு ஒருதரம் பார்த்துடலாம்’ என்று நள்ளிரவில் பலதரம் பார்ப்பதால், வகுப்பில் வெடிக்கச் சோடா மிஞ்சுவதில்லை.

இலைத் தொகுப்பு வகை: தாவரவியலோடு அண்டை வீட்டார் உறவையும் பாதிக்கும். எதிர்வீட்டு குரோட்டன்ஸ் செடி ஜூன் மாதத்தில் மொட்டையாக நின்றால் அந்தத் தெருவில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருக்கிறது என்று கொள்க.

தலைவர்கள் வகை: அச்சிட்ட தாளிலிருந்து பாரதியாரை வெட்டி எடுப்பது. தலைப்பாகை நுனி வெட்டுப்படாமல் எடுக்கும் திறன் பாட்டிமாருக்கு மட்டுமே வாய்த்துள்ளது.

பயறு வகை: ஊறவைத்த பாசிப்பயறை ஈரப் பஞ்சில் வைத்து, நாள்தோறும் பார்த்துப் படம் வரைய வேண்டும். ஒரே இரவில் முடிக்க முடியாது என்பதால் பெற்றோர் நெடுங்காலம் அஞ்சிவந்த வகை இது. சூப்பர் மார்க்கெட்டில் முளைகட்டிய பயறு பாக்கெட்டில் வரத் தொடங்கியதும் இந்தத் தடையும் நீங்கிற்று.

5. விதிகள்

சார்ட்டின் பளபளப்பு பெற்றோரின் பட்டங்களுக்கு நேர்விகிதத்திலும், அவர்களது தூக்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். இது முதல் விதி.

இரண்டாம் விதிக்குச் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியைத் துணைக்கு அழைக்கிறோம். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், விவரம் தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கற்றல் அங்கேதான் நடக்கிறது என்றார் அவர். எமது களத்தில் அந்த இடைவெளியில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பிள்ளைக்கு உட்கார இடமில்லை.

இது டீச்சருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கையெழுத்தைப் பார்த்தே அம்மா, அப்பா, சித்தி என்று பிரித்துச் சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கும் கண்காட்சி நாள் உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி உண்டு. நிரப்ப வேண்டிய சுவர் உண்டு. ஆகவே கோள்கள் பொறியியல் துல்லியத்தோடு சுற்றும் சூரியக் குடும்பம் நடுச்சுவருக்கும், பிள்ளையே பசை வழிய ஒட்டி, சனிக்குப் போட வேண்டிய வளையத்தைப் பூமிக்குப் போட்ட சூரியக் குடும்பம் கதவுக்குப் பின்னாலும் போகின்றன. வகுப்பில் உண்மையான கற்றலுக்கு இருக்கும் ஒரே தடயம் அந்தப் பூமி வளையம்தான்.

6. விதிவிலக்கு

சில பணிகளைப் பெற்றோர் தொடுவதே இல்லை. ‘வாசற்கதவின் அகலத்தைச் சாணால் அளந்து வா’ என்பது அத்தகைய ஒன்று. பிள்ளை அளந்தால் ஏழு சாண். அப்பா அளந்தால் நான்கு. ஒரே கதவுக்கு எப்படி இரண்டு அகலம் என்று பிள்ளை கேட்கிறது. அளவுகோல் எதற்குக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அது அந்த நிமிடமே புரிந்துகொள்கிறது, செலவு ஏதுமில்லை. ‘பாட்டியோடு பல்லாங்குழி ஆடி வா’ என்பது இன்னொன்று. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்தென்றால் எழுபது. எந்தக் குழியிலிருந்து அள்ளினால் கடைசி முத்து எங்கே விழும் என்று பிள்ளை மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறது. பாட்டி விட்டுக்கொடுப்பதும் இல்லை.

இவற்றைப் பெற்றோர் ஏன் தொடுவதில்லை? முடிவில் கையில் தூக்கிக்கொண்டு போக எதுவும் இல்லை. சுவரில் மாட்ட முடியாது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட முடியாது. எமது முதன்மைக் கண்டுபிடிப்பு இதுவே: காட்சிக்கு வைக்க முடியாத பணி மட்டுமே பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்கிறது.

7. பரிந்துரைகள்

ஒன்று: இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது, மூன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கை சொல்கிறது. இந்த வரம்பைப் பெற்றோருக்கும் நீட்டிக்க வேண்டும்.

இரண்டு: கோணலாக ஒட்டியவை நடுச்சுவரில், பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். நேராக ஒட்டியவற்றைப் பெற்றோர் சங்க அறைக்கு அனுப்பலாம்.

மூன்று: அளப்பது, எண்ணுவது, கேட்டு வருவது, ஆடி வருவது போன்ற பணிகளையே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஸ்டேஷனரிக் கடைக்காரர்களின் எதிர்ப்பை அரசு பேச்சுவார்த்தையில் தீர்த்துக்கொள்ளட்டும்.

நான்கு: ஐந்தாண்டுத் தொடக்கக் கல்வியை இரண்டாம் முறையும் வெற்றிகரமாக முடித்த பெற்றோருக்குப் பள்ளியே மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர அவர்களுக்கு அது தேவைப்படும்.