கண்ணா, காதா, கையா?

கேள்வி: தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்றல் பாணி அறியும் வினாத்தாளை நிரப்பியதில் நான் 'பார்த்துக் கற்பவள்' என்று வந்தது. நாளை என் வகுப்புப் பிள்ளைகளையும் இப்படிப் பிரித்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா. பிள்ளைகளை உயரப்படி நிறுத்துங்கள். கண், காது, கை என்று நிறுத்தாதீர்கள். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய 'வார்க்' போன்ற வினாத்தாள்கள் கேட்பது விருப்பத்தை. பிள்ளைக்கு மிட்டாய் பிடிக்கும். அதற்காக மூன்று வேளையும் மிட்டாயா போடுவோம்? 2008-இல் ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை.

வழியைத் தீர்மானிப்பது பாடம்தான். ல, ள, ழ மூன்றையும் காதால் பிரித்தறிய வேண்டும். டீச்சரின் நாக்கு எங்கே மடிகிறது என்று கண்ணாலும் பார்க்க வேண்டும். காவிரி எப்பக்கம் ஓடுகிறது என்பதைப் பாட்டாகவே பாடினாலும் வரைபடம் இல்லாமல் மனத்தில் நிற்காது. இடமதிப்புக்குப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். எந்தப் 'பாணி'ப் பிள்ளையும் கை நீட்டும்.

என் கவலை உங்களைப் பற்றித்தான். 'நான் பார்த்துக் கற்பவள்' என்று நினைத்துக் கதை சொல்லிப் பழகாமல் இருந்துவிடாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் இருபது பிள்ளைகள், நாற்பது காதுகள், உங்களுக்காகக் காத்திருக்கும்.