ஊதா உறையின் பொருளியல்: லோபாக் வட்டாரத் தீபாவளிச் சிக்கனம் குறித்து ஓர் ஆய்வு

சங்க இலக்கியத்தில் ஆந்தை, காப்பியங்களில் காற்சிலம்பு, கம்பனில் கண்ணீர் என்று நம்மவர் ஆராயாத பொருள் கிடையாது. ஆனால் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எப்படிக் காசு மிச்சம் பிடிப்பது என்பது பற்றி ஒரு கட்டுரைகூட என் கண்ணில் பட்டதில்லை. துறையில் அறிஞர்கள் இல்லாமல் போகவில்லை. வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்கள் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். எந்தத் தாய் தன் உத்தியை நாத்தனாரிடம் போய்ச் சொல்வாள்? அக்குறையைப் போக்கும் முகமாக இக்கட்டுரை அமைகிறது.

ஆய்வுக் களம், நெகிரி செம்பிலான் மாநிலம், சிரம்பானை ஒட்டிய லோபாக். இங்கே ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. லாபு, சிலியாவ், ரந்தாவ், செனவாங் என்று சுற்றிலும் இருந்த தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தபோது, லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் பல சிரம்பானைச் சுற்றிக் குடியேறின. எனவே ‘லோபாக் வட்டாரம்’ என்பதை அஞ்சல் எண்ணை வைத்து வரையறுப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. தீபாவளியன்று காலை எண்ணெய்க் குளியல் முடித்து, ஒரே மைவிக் காரில் ஏறி, மதியச் சோற்றுக்குள் போய்வரக்கூடிய உறவினர் வீடுகள் அனைத்தும் இவ்வட்டாரம் எனக் கொள்க. மழை பெய்தால் வட்டாரம் சுருங்கும்.

வரலாற்றுப் பின்னணி இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை. தோட்டக் காலத்தில் பிள்ளைக்கு அன்பளிப்பு என்றாலே துணிதான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, மங்கில் விழுந்த பாலை எடுத்து ஊற்றிச் சம்பாதித்த காசில், கடைக் கணக்கைப் பிடித்தது போக மிஞ்சியதும் தீபாவளி முன்பணமும் சேர்ந்தால் வீட்டில் எல்லாருக்கும் துணி. சைக்கிளில் மூட்டை கட்டி வந்த துணிக்காரரிடம் ஒரே பீஸாக எடுத்தால் விலை குறையும். அக்காலப் புகைப்படங்களை இவ்வாய்வாளர் நுணுகி நோக்கியுள்ளார். அண்ணன் சட்டையிலும் தம்பி சட்டையிலும் தங்கச்சி கவுனிலும் ஒரே பூ. படத்தின் ஓரத்தில் ஜன்னல் தெரிந்தால் அதிலும் அதே பூ.

தையற்காரரிடம் சொல்லப்பட்ட வாசகம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறவில்லை. “கொஞ்சம் பெருசாவே தைங்கண்ணே, வளர்ற பிள்ளை.” இதை வளர்பிள்ளைக் கோட்பாடு என அழைக்கலாம். கோட்பாட்டின் நுட்பம் கால்சட்டையின் அடிமடிப்பில் உள்ளது. உள்ளே நாலு விரற்கடை துணியை மடித்துத் தைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு விரற்கடை அவிழ்க்கப்படும். அவிழ்த்த இடத்தில் வெளுக்காத கோடு ஒன்று தங்கும். வெட்டிய மரத்தில் வளையத்தை எண்ணுவதுபோல அந்தக் கோடுகளை எண்ணிக் கால்சட்டையின் வயதைச் சொல்லிவிடலாம். இளையவனுக்கு அது வந்து சேரும்போது, துணி அவனைவிட மூத்ததாக இருப்பதும் உண்டு. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் போன்றோர் கூலியை உயர்த்தக் கேட்டு முதலாளிமாரோடு மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். லயத்தில் தாய்மார்கள் யாரோடும் பேசாமல் செலவைக் கீழே இறக்கினார்கள். முதலாவதைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு.

அடுத்து, நிதி திரட்டல். இங்கே ‘கூட்டு’ எனும் முறையைக் குறிப்பிட வேண்டும். பத்துப் பெண்கள் சேர்ந்து ஆளுக்கு மாதம் 50 வெள்ளி போட்டால், மாதம் ஒருத்தி கையில் 500 வெள்ளி. எல்லா மாதமும் 500தான் என்றாலும் எல்லா 500க்கும் ஒரே மதிப்பு இல்லை. தீபாவளிக்கு முந்திய மாதம் யாருக்கு விழுகிறது என்பதில் நெடுங்கால நட்புகள் முறிந்திருக்கின்றன. மலேசியாவில் 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் இதை நடத்தக் கூடாது என்கிறது. ஆகவே களப்பணியில் இவ்வாய்வாளர் கூட்டு எதையும் காணவில்லை. பத்துப் பெண்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடித் தேத்தண்ணி குடித்துவிட்டு, அவர்களில் ஒருத்தி மட்டும் சிரித்த முகத்தோடு வெளியே வந்ததைக் கண்டார்.

பொம்மை வாங்குவோர் சந்திக்கும் பெரிய இடர் நீலாய் 3. மொத்த விற்பனைக் கடைகள் வரிசை வரிசையாக நிற்கும் இடம். கம்பளம், திரைச்சீலை, செயற்கைப் பூ, விளையாட்டுச் சாமான் எல்லாம் அங்கே மலிவு. லோபாக்கிலிருந்து போய்வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ரோன்95 பெட்ரோல் லிட்டர் 2.05 வெள்ளிக்கு விற்ற நாளில் கணக்கிட்டால் எண்ணெய்க்கு ஏழு வெள்ளி, டோல் தனி. மூன்று பொம்மைகளில் பத்துப் பதினைந்து வெள்ளி மிச்சமாகும் என்பதால் பயணம் இலாபம் என்று ஏட்டுக் கணக்கு சொல்லும். ஏட்டில் இல்லாதது, பொம்மைக் கடைக்குப் போகும் வழியில் கம்பளக் கடை இருக்கிறது.

“பொம்மை வாங்கத்தானே வந்தோம்?”

“இந்த விலைக்குக் கம்பளம் சிரம்பான்ல எங்க கிடைக்கும், சொல்லுங்க பார்ப்போம்.”

கணவர்மாரில் எவரும் இதற்கு விடை சொன்னதாகப் பதிவில்லை. திரும்பும்போது பின் இருக்கையில் சுருட்டிய கம்பளம் படுத்திருக்க, பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து வருவார்கள். அரசாங்கமும் இங்கே கைகொடுக்காது. பண்டிகைக் கால உச்சவரம்பு விலைத் திட்டத்தில் தேங்காய்க்கும் ஆட்டிறைச்சிக்கும் விலை கட்டுகிறார்கள். ரிமோட் காருக்குக் கட்டுவதில்லை. அந்தக் காருக்கு வாழ்நாள் செலவு என ஒன்று உண்டு: பேட்டரி. அனுபவம் உள்ள தாய் மூன்றாம் நாள் இரவு பேட்டரியைக் கழற்றி மசாலா டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, “முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் வாங்கலாம்” என்று அறிவிப்பார். அதே பேட்டரி சுவர்க் கடிகாரத்தில் பல மாதம் ஓடும்.

இனி ஆய்வின் மையப் பொருளான அங்பாவுக்கு வருவோம். சீனரிடம் சிவப்பாகவும் மலாய்க்காரரிடம் பச்சையாகவும் உள்ள இந்த உறை, நம்மிடம் வரும்போது பெரும்பாலும் ஊதாவாகிறது. வங்கிகள் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுப்பதால் உறைச் செலவு பூச்சியம். அதையும் குறைக்க முடியும் என்று நிறுவியவர்கள் உண்டு. ஒட்டாமல் மடிப்பை மட்டும் செருகிக் கொடுத்த உறையைக் கசங்காமல் பிரித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். எனக்குத் தெரிந்த ஓர் உறை, ஐந்து வீடு சுற்றிவிட்டுக் கொடுத்தவர் கைக்கே திரும்பி வந்தது. மூலையில் இருந்த மஞ்சள் கறையால் அடையாளம் கண்டார்களாம்.

உள்ளே என்ன வைப்பது என்பதே சிக்கல். 1 வெள்ளி வைத்தால் பேச்சு வரும். 5 வெள்ளி வைத்தால் கை கடிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே 1996இல் பேங்க் நெகாரா 2 வெள்ளி நோட்டு வெளியிட்டது. நிறமும் ஊதா சாயல். சிக்கனத்துக்கும் மானத்துக்கும் நடுவே இவ்வளவு கச்சிதமாக நின்ற நோட்டு வேறில்லை. 2012இல் வந்த புதிய வரிசையில் அதைக் காணோம். 20 வெள்ளி இருந்தது. நாணயக் கொள்கை வகுப்பவர்களுக்கு அத்தை மகன், மாமா மகள் கிடையாது போலும். அதற்கு முன்பே, 2005 டிசம்பரில், 1 வெள்ளி நாணயம் செல்லாதாயிற்று. உறையைக் காதருகே குலுக்கிப் பார்க்கும் பழங்கலை அதோடு அழிந்தது.

ஆனால் பிள்ளைகள் சும்மா இருப்பவர்களா? 2012 வரிசையில் 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பிளாஸ்டிக். 10 வெள்ளியும் அதற்கு மேலும் காகிதம். உறையைப் பெருவிரலால் லேசாக மடக்கினால், பிளாஸ்டிக் வழுக்கி நிமிரும், காகிதம் மடங்கியபடி நிற்கும். வணக்கம் சொல்லி, காலைத் தொட்டுக் கும்பிட்டு, முறுக்கை வாயில் போட்டுக்கொண்டே இச்சோதனையை முடித்துவிடுகிறார்கள். பெரியவர் கண்ணுக்கு, பிள்ளை உறையை மரியாதையாக இரு கையாலும் பிடித்திருப்பதாகத்தான் தெரியும்.

அளவியல் தரவுகள் சேகரிக்கப்படும் இடம் கார். உறவினர் வீட்டு வாசலில் கையசைத்துவிட்டு முனை திரும்பும் வரை யாரும் பேசுவதில்லை. திரும்பியதும்:

“அத்தை எவ்ளோ குடுத்தாங்க?”

“பத்து.”

“ஆளுக்குப் பத்தா? நாம அவங்க மகனுக்கு அஞ்சுதானே குடுத்தோம்?”

“வுடு லா, அவங்களுக்கு ஒரு பிள்ளைதானே.”

கடைசி வாக்கியத்தில் ஒரு முழுக் கோட்பாடு அடங்கியிருக்கிறது. மூன்று பிள்ளை உள்ள வீடு ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்குப் போனால் மூன்று உறை உள்ளே வருகிறது, ஒன்று வெளியே போகிறது. தொகை சமமாக இருந்தால், பிள்ளை கூடுதலான வீட்டுக்கு நிகர இலாபம். எல்லா வீட்டிலும் சமமான பிள்ளைகள் என்றால், சிரம்பான் முழுவதும் கார் ஓடி, எண்ணெய் எரிந்து, மாலையில் ஒவ்வொரு வீட்டிலும் காலையில் இருந்த அதே காசு இருக்கும். சிக்கனத்தின் உச்சம் இதுவே: ஊரெல்லாம் கொடுத்து, ஒரு காசும் குறையாமல் இருப்பது. உறையின் பின்புறத்தில் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் பென்சிலில் குறித்துவைக்கும் வழக்கம் இந்தச் சமநிலையைக் காக்கத்தான். மார்சல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், கொடை என்பது திருப்பிக் கொடுக்கும் கடமையைக் கூடவே கொண்டுவருகிறது என்று நூறாண்டுக்கு முன் எழுதினார். அவர் பசிபிக் தீவுகளைப் பற்றிய நூல்களைத் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. லோபாக்கில் காரின் பின் இருக்கை போதும்.

பிறநாட்டு ஆய்வுகளும் நம் முடிவையே வலியுறுத்துகின்றன. ஜோயல் வால்ட்ஃபோகல் எனும் அமெரிக்கப் பொருளியலர் 1993இல் கிறிஸ்துமஸ் பரிசுகளை ஆராய்ந்து, வாங்கியவர் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணக்கிட்டார். பெறுபவர் அப்பொருளை அவ்வளவுக்கு மதிப்பதில்லையாம். ரொக்கமாகக் கொடுத்தால் இந்த இழப்பு வராது. நாம் ஏற்கெனவே ரொக்கம்தான். வள்ளுவரும் ஈகைக்குத் தனி அதிகாரம் வைத்தபின், போருக்குப் புறப்படும் அரசனுக்கான வலியறிதல் அதிகாரத்தின் கடைசி நான்கு குறளில் கைக்காசுக் கணக்கைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அவர் வீட்டிலும் பண்டிகை வந்திருக்கும்.

ரொக்கம் பிள்ளையிடம் தங்குவதில்லை என்பது வால்ட்ஃபோகல் எதிர்பாராதது. இரவு பலகார டப்பாக்கள் மூடப்பட்டதும் தாய் கையை நீட்டுவார். “குடு, அம்மா எடுத்து வைக்கிறேன். பி.எஸ்.என்.ல போடலாம்.” தேசியச் சேமிப்பு வங்கியில் சிலவேளை உண்மையாகவே போடப்படுகிறது. மற்ற வேளைகளில் அது மைலோ டின்னில் இறங்கி, பள்ளி திறக்கும்போது காலணியாகவும் புத்தகப் பையாகவும் வெளிவருகிறது. ஒரு பத்து வயதுத் தகவலாளி, தன் காசில் தனக்கே பை வாங்கப்பட்டதைக் கண்டுபிடித்து முறையிட்டபோது, “பின்ன யாருக்கு வாங்கினேன்?” என்ற பதில் வந்தது. தர்க்கத்தில் ஓட்டை தேடி இவ்வாய்வாளரும் தோற்றார்.

கோட்பாட்டுக்குள் அடங்காத ஒருவர் உண்டு. கல்யாணம் ஆகாத, புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர். சென்ற ஆண்டுவரை வாங்கியவர், இவ்வாண்டு கொடுக்க வேண்டும். திரும்பப் பெறப் பிள்ளை இல்லை. சீனர் வழக்கில் கல்யாணம் ஆகும்வரை கொடுக்க வேண்டியதில்லை. நம்மவரோ உறையை இரவல் வாங்கினார்கள், இந்த விதிவிலக்கைக் கடையிலேயே விட்டுவிட்டார்கள். செனவாங் தொழிற்பேட்டையில் மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் சேர்ந்த ஒருவர், அக்காமார் பிள்ளைகள், பெரியப்பா பேரப்பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, சட்டத்தைப் புரட்டினார். பொது விடுமுறையில் வேலை செய்தால் விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி. தீபாவளியன்று ஷிப்டுக்குப் போனால் அங்பாவும் மிச்சம், கூலியும் மும்மடங்கு. இத்துறையில் இதுவரை முன்வைக்கப்பட்ட உத்திகளில் இதுவே மிகச் சிறந்தது என்பது என் மதிப்பீடு.

அவர் அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். “காசு மிச்சம் பிடிக்க உனக்கு வேற நாளே கிடைக்கலையா? போயி எண்ணெய் தேய்ச்சிக் குளி.” குளித்துவிட்டுப் புதுச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையாக வந்த பிள்ளைகளுக்கு உறை நீட்டினார். மூத்த அக்கா மகள் இரு கையாலும் வாங்கி, பெருவிரலை ஒருமுறை அழுத்தி, பின்னால் நின்றவர்களிடம் திரும்பிச் சொன்னாள்: “பிளாஸ்டிக்.”