துரைமார் மூட்டு மாட்டிய கதை

கேகாலை, இரத்தினபுரி தோட்டங்களை உண்டாக்கிய துரைமாருக்குச் சமதரையோடு என்ன பகையோ! ஆடே யோசித்து ஏறும் சரிவில் தேயிலை நட்டார்கள், ரப்பர் நட்டார்கள். ஏறி இறங்குகிற வேலையை மட்டும் நமக்கு விட்டுவிட்டார்கள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி, பால் வாளியோடு மரத்துக்கு மரம் குந்தி எழுந்தால் முழங்கால் ஒருநாள் 'கடக் கடக்'கென்று பேசத் தொடங்கும். வைத்தியம்? நொச்சி இலை ஒத்தடம், சித்தாலேப தைலம், டிஸ்பென்சரியில் ஒரு வெள்ளை மாத்திரை. காய்ச்சலுக்குப் போனாலும் அதே மாத்திரைதான்.

தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு வேறு மாட்டிப் பார்த்த முன்னோடி பெர்லினின் தெமிஸ்டோக்கிளீஸ் குளுக். 1890இல் யானைத் தந்தத்தில் கீல் கடைந்து, காசநோய் அரித்த முழங்காலில் பொருத்தினார். நம் சப்ரகமுவ யானைகள் பயப்படத் தேவையிருக்கவில்லை. இலங்கை யானைகளில் கொம்பனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிக்கல் தந்தத்தில் இல்லை, அதை எலும்பில் நிற்க வைப்பதில். திருகாணி போட்டார், பாரிஸ் சாந்து, பைன் பிசின், நுரைக்கல் தூள் எல்லாம் குழைத்து அப்பினார். காசநோய்ச் சீழ் அத்தனையையும் கழற்றிக் கையில் கொடுத்தது. ஜெர்மன் அறுவை மருத்துவத்தின் பெரிய துரையான பேர்க்மானுக்கு இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. குளுக்கின் வாய் அடைபட்டது.

1946இல் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக்கில் இடுப்புப் பந்து செய்து மாட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது, கிறீச்சிட்டதைத் தவிர. ஒருவர் சாப்பாட்டு மேசையில் குனிந்தால் போதும், இடுப்பு போடும் சத்தம் தாங்காமல் மனைவி எழுந்து போய்விடுவாராம். இந்தக் குடும்பச் சண்டையைக் கேட்டுத்தான் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லிக்கு உராய்வைப் பற்றி ஞானம் பிறந்தது.

சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு வழுக்கும் டெஃப்லான் பிளாஸ்டிக்கைப் பிடித்தார். சில வருடங்களில் அது தேய்ந்து மாவாகி, ஏறத்தாழ 300 பேருக்குக் கெட்டுப்போனது. மனிதர் டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே ஊசி போட்டு ஏற்றிப் பார்த்தார். வீங்கியது. (நம்மூரில் மருந்து கொடுத்தவர் தானும் குடித்துப் பார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை.) 1962இல் ஒரு விற்பனையாளர் தறிகளின் பற்சக்கரத்துக்குப் போடும் பாலிஎத்திலீனைக் கொண்டு வந்தார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்து, வேலைக்கு ஆகாது என்று நடையைக் கட்டினார். தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன், துரை ஊரில் இல்லாத நேரம் பார்த்து அதை இயந்திரத்தில் தேய்க்கப் போட்டார். அது தேயவே மாட்டேன் என்றது. நவம்பரில் நோயாளிகளுக்குள்ளும் போயிற்று. இந்தப் பாலிஎத்திலீன் பரம்பரை இன்றும் ஓடுகிறது.

இங்கே நடந்த பொருத்தம் வேறு ரகம். இரத்தினபுரியில் பிறந்த பிரதமர் சிறிமாவோ, 1964 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டத் தமிழரான நம்மைக் கழற்றி அடுக்கினார். மிச்சம் 1,50,000 பேர்? பிறகு பார்க்கலாம் என்று பெட்டியில் போட்டார்கள்.

சார்ன்லி ஒட்டிய கதைக்கு வருவோம். குளுக்கின் சாந்துக்குப் பதில் கிடைத்தது பல் வைத்தியத்திலிருந்து: செயற்கைப் பல் செட்டு செய்கிற அக்ரிலிக். உண்மையில் அது பசையே இல்லை. எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைத்து இறுகுகிற சாந்து. தூளில் திரவத்தை ஊற்றிக் கிண்டினால் கூழாகி, மாவாகி, சுட்டுக்கொண்டே பத்து நிமிடத்தில் கல்லாகும். முந்தினால் ஒழுகும், பிந்தினால் உள்ளே போகாது. ஆரம்பத்தில் பெருவிரலால் திணித்தார்கள். பிறகு எலும்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், அடியில் அடைப்பான் வைத்தார்கள், துப்பாக்கி மாதிரி ஒன்றால் அழுத்தினார்கள், காற்றை உறிஞ்சிவிட்டுக் குழைத்தார்கள். இப்போது எலும்பைச் சீவ ரோபோவும் வந்தாயிற்று.

ஆனாலும் சாந்தின் பதம் பார்ப்பது அல்வாக் கடைக்காரர் பார்ப்பது போலத்தான்: விரலால் தொட்டு, நூல் விடாமல் வந்தால் சரி. அந்த விரலில் பல தடவை ரப்பர் பாலில் செய்த லேட்டெக்ஸ் உறை இருக்கும். கேகாலைக்காரர் நாங்கள் அந்த அளவுக்கு ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போயிருக்கிறோம்.