இனிக்கிற பேரு, கடிக்கிற சீட்டு

ஏலே பேராண்டி, ஆபீஸ்ல ஏதோ மாநாடுன்னு உன்னை லாஸ் வேகஸுக்கு அனுப்புதானாமே. உங்கம்மா போன்ல பெருமையாச் சொன்னா. பிள்ளை படிக்கப் போறானாம். படிச்சிட்டு வா ராசா. அந்த ஊருல மாநாட்டு ஹாலுக்குப் போகணும்னாலும், தூங்குற ரூமுக்குப் போகணும்னாலும் சூதாட்டக் கூடத்துக்கு ஊடேதான் நடக்கணும். கட்டடத்தையே அப்படித்தான் கட்டி வச்சிருக்கான். நீ எந்த மேசைல போய் உக்காருவேன்னு எனக்குத் தெரியும். உங்கம்மாவுக்குத்தான் தெரியாது.

போகாதேன்னு சொல்லமாட்டேன். சொன்னாக் கேக்குற வம்சமா இது? நம்ம பக்கம் சீட்டு வெட்டுற இடத்துக்கு மனமகிழ் மன்றம்னு போர்டு மாட்டி வச்சிருக்கான். உள்ள போனவன் ஒருத்தனாவது மனம் மகிழ்ந்து வெளிய வந்து நான் பாக்கலே. வேகஸ்காரன் அந்த வித்தைல நமக்கு அண்ணன். பிளாக்ஜாக் மேசைல எதுக்கெல்லாம் நல்ல பேரு வச்சிருக்கானோ, அங்கனதான் உன் பையில ஓட்டை விழும். எது காதுக்கு அவமானமாக் கேக்கோ, அதுதான் உனக்கு நாலு காசு மிச்சம் பண்ணும்.

ஆட்டம் என்னமோ சின்னப்பிள்ளை ஆட்டந்தான். உனக்கு ரெண்டு சீட்டு, டீலருக்கு ரெண்டு சீட்டு. அவன் சீட்டுல ஒண்ணு மல்லாந்து கெடக்கும், ஒண்ணு கவுந்து கெடக்கும். ராசா, ராணி, ஜாக்கிக்கெல்லாம் 10. ஆஸுக்கு 1 இல்லேன்னா 11, உன் இஷ்டம். 21-ஐத் தாண்டாம அவனை விடக் கூட வச்சிருந்தா செயிச்சே. இன்னொரு சீட்டு கேட்டா ஹிட், போதும்னா ஸ்டாண்ட், தாண்டிட்டா பஸ்ட், ரெண்டு பேருக்கும் சமம்னா புஷ். டீலருக்குச் சொந்தப் புத்திக்கு வேலையே கெடையாது. 16 வரைக்கும் எடுத்தே ஆகணும், 17 வந்தா நின்னே ஆகணும். பல மேசைல ஆஸை 11-னு வச்சு வார 17-க்கு மட்டும் இன்னொண்ணு எடுப்பான், அது அவனுக்கு இன்னுங் கொஞ்சம் லாபம்.

இப்படி ஒரு மண்ணாந்தைகிட்ட எப்படித் தாத்தா தோக்க முடியும்னு கேக்கியா? நீதாம்லே மொதல்ல எடுக்கணும். நீ வெடிச்சா அந்த நிமிசமே காசை வாரிக்குவான். பெறவு அவனும் வெடிச்சான்னா அது அவன் பாடு, உன் காசு திரும்பி வராது. மொத்தப் பொழைப்பும் இந்த ஒரு முந்திக்குள்ளதான் கெடக்கு.

மேசைல உக்காந்தா வாயை மூடிக்கிட்டுக் கையால பேசு. நோட்டை டீலர் கையில நீட்டாதே, மேசைல வையி. அவன் ஒவ்வொண்ணா விரிச்சுப் போட்டு எண்ணுவான். அது உனக்காக இல்லே, மேல தொங்குற கேமராவுக்காக. சீட்டு வேணும்னா விரலால மேசைத் துணியைத் தட்டு. வேண்டாம்னா உள்ளங்கையைச் சீட்டுக்கு மேல ஒரு வீசு வீசு. டீலர் வேலை மாறிப் போகும்போது பாரு, ரெண்டு கையையும் லேசாத் தட்டி, முன்னையும் பின்னையும் திருப்பிக் காட்டிட்டுத்தான் நகருவான். உனக்கு வணக்கம் வைக்கான்னு நீ பதிலுக்குக் கும்பிட்டுத் தொலைக்காதே. கையில பந்தயச் சில்லு ஒட்டலேன்னு கேமராவுக்குக் கணக்குக் காட்டுதான்.

இனி பேருக்கு வருவோம். டீலருக்கு முன்னால ஆஸ் மல்லாந்து விழுந்துதுன்னா, “இன்சூரன்ஸ்?” அப்படின்னு அத்தனை கனிவாக் கேப்பான். உங்கப்பன் எல்.ஐ.சி. பாலிசியைச் சாமி படத்துக்குப் பின்னால வச்சுக் கும்பிடுதவன். நீ அவன் பிள்ளை. அந்தச் சொல்லைக் கேட்டதும் உனக்குக் கை தானாச் சட்டைப்பைக்குப் போகும். பொறு. உன் கையிலிருக்குற சீட்டுக்கும் அந்த இன்சூரன்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. கவுந்து கெடக்குற சீட்டு 10-ஆ இல்லையாங்கிற தனிப் பந்தயம் அது, 10-ன்னா ஒண்ணுக்கு ரெண்டு தாரான். நான் வெரல் விட்டுச் சொல்லுதேன். ஆஸ்லேருந்து ராசா வரை 13 வகைச் சீட்டு. அதுல 10 மதிப்புள்ளது நாலு வகை. 13 தடவை பத்துப் பத்து டாலர் கட்டினேன்னு வையி. நாலு தடவை 20 வரும், ஆக 80. ஒம்பது தடவை 10 போகும், ஆக 90. 130 டாலர் கட்டி 10 டாலர் அம்பேல்.

இதே சரக்கை வேற புட்டில ஊத்தி விக்கிறதுக்கு ஈவன் மணின்னு பேரு. உனக்கு ஆஸும் ராசாவும் சேந்து பிளாக்ஜாக் விழுந்திருக்கும், அவனுக்கு ஆஸ் தெரியும். “இப்பமே போட்ட அளவுக்குப் பணம் தாரேன், வாங்கிக்கோ”ம்பான். பக்கத்துல இருக்குற பெரிய மனுசன் எல்லாம், “எடுத்துக்கோப்பா, நிச்சயமான காசு”ன்னு உன் முதுகைத் தட்டுவான். 10 டாலர் ஆட்டத்துல 13 தடவை அப்படி வாங்கினா 130. வாங்காம இருந்தா நாலு தடவை அவனுக்கும் பிளாக்ஜாக், சமம், ஒண்ணுமில்லே. ஒம்பது தடவை பதினைஞ்சு பதினைஞ்சா 135. நிச்சயத்துக்கு 5 டாலர் கமிஷன்.

அந்தப் பதினைஞ்சுங்கிறது இருக்கே, அது பழைய மரியாதை. பிளாக்ஜாக் விழுந்தா 2-க்கு 3. 10 போட்டா 15. இப்பம் வேகஸோட பெரிய தெரு ஸ்ட்ரிப்ல குறைஞ்ச காசு மேசை பலதுல துணியில 5-க்கு 6-ன்னு அச்சடிச்சுருப்பான். 6, 5-னு பெரிய நம்பராத் தெரியுதேன்னு படிச்ச பிள்ளையெல்லாம் போய் விழுது. 10-க்கு 12-தாம்லே அது. பிளாக்ஜாக்கு ஏறக்குறைய 21 கைக்கு ஒண்ணு விழும். மணிக்கு 60 கை ஆடினேன்னா 3 தடவை பக்கம் வரும். ஒவ்வொரு தடவையும் 3 டாலரு உன் சந்தோசத்துலேருந்தே உருவுதான். நீ கை தட்டிச் சிரிச்சுக்கிட்டு இருப்பே. உக்காருறதுக்கு முன்னால துணியைப் படி. மாநாட்டுக் காகிதத்தைப் படிக்கலேன்னாலும் அதைப் படி.

அடுத்தாப்ல சரண்டர். சரணாகதி! ஆம்பிளைப் பிள்ளை வாயில வருமா அந்தச் சொல்லு? அதனாலதான் ஒருத்தனும் சொல்லமாட்டேங்கான். உன் கையில 16, அவனுக்கு முன்னால 10. இந்த ஆட்டத்துலயே இதைவிடச் சீரழிஞ்ச நிலைமை கொஞ்சம். சீட்டு எடுத்தாலும் நின்னாலும், சராசரி பாத்தா 100 டாலருக்கு 54 பக்கம் போகும். சரணம்னு சொன்னா 50-தான் போகும், மீதி 50 உன் பைக்குத் திரும்பிரும். அந்த 4 டாலரை எந்த மேசைலயும் யாரும் உனக்குச் சும்மா தரமாட்டான். சரண்டர் உண்டான்னு கேட்டாலே சில மேசைல இல்லேம்பான். இல்லேங்கிறதுலேருந்தே அதோட அருமை தெரியுதா?

எப்ப எடுக்கணும், எப்ப நிக்கணும், எப்ப ஜோடியைப் பிரிக்கணும், எப்பப் பந்தயத்தை ரெட்டிப்பாக்கணும்னு எல்லாத்துக்கும் ஒரு அட்டவணை இருக்கு. பேசிக் ஸ்ட்ராட்டஜிம்பான். அமெரிக்காவுல அபர்டீன் ராணுவத் தளத்துல இருந்த நாலு பேரு சாதாரணக் கணக்கு மெசினைத் தட்டித்தட்டிக் கண்டுபிடிச்சு 1956-ல புள்ளியியல் சஞ்சிகைல எழுதினான். இன்னைக்கு அந்த அட்டையைக் கசினோ உள்ள இருக்குற கடைலயே விக்கான், மேசைல வச்சுப் பாத்துக்கிட்டே ஆடலாம். தடுக்கமாட்டான். ஏன்னா நல்ல மேசைல அட்டைப்படி அச்சுப் பிசகாம ஆடினாலும் 100-க்கு அரை டாலர் அவனுக்குப் போய்ச் சேரும்.

பின்னே அட்டை வாங்கின பாதிப் பேரு அதைப் பாக்கவும் மாட்டான். அவனுக்குக் கடைசி நாற்காலிக்காரனை வையத்தான் நேரம் சரியா இருக்கும். அந்த நாற்காலிக்குத் தேர்டு பேஸ்னு பேரு. அதுல உக்காந்தவன் ஒரு சீட்டு எடுத்து, பெறவு டீலருக்கு 21 வந்துட்டுதுன்னா அவ்வளவுதான், குடும்பத்தைக் கெடுத்த பாவி அவன். அதே ஆளு எடுத்ததாலே டீலர் வெடிச்ச கைகளை ஒருத்தனும் ஞாபகம் வச்சுக்கமாட்டான். கவுந்து கெடக்குற சீட்டு என்னன்னு யாருக்கும் தெரியாதப்ப, அவன் எடுத்தது கெடுதலா முடியவும் நல்லதா முடியவும் ஒரே வாய்ப்புத்தான். கோட்டு சூட்டு போட்ட டாக்டரு வக்கீலெல்லாம் படச்சீட்டு வேணும்னு “மங்கி, மங்கி”ன்னு குரங்கைக் கூப்பிட்டுக் கத்துவான் பாரு, டிக்கெட் இல்லாமப் பாக்கலாம்.

நீ இன்ஜினியரு. “எண்ணி ஆடுவேன் தாத்தா”ம்பே. சீட்டு எண்ணுற சினிமா ஏதாவது பாத்திருப்பே. சரி, அதையும் கேட்டுக்கோ.

எட்வர்ட் தார்ப்புன்னு ஒரு கணக்கு வாத்தியார், எம்.ஐ.டி.ல ஐ.பி.எம். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, போன சீட்டை ஞாபகம் வச்சா மிச்சச் சீட்டு நமக்குச் சாதகமா எப்ப வரும்னு கண்டுபிடிச்சு, 1962-ல ‘பீட் த டீலர்’னு புத்தகமாப் போட்டுட்டாரு. வேகஸ்காரனுக்கு வயித்தைக் கலக்கிட்டுது. 1964-ல விதியையே மாத்தினான். ஆஸ் ஜோடியைப் பிரிக்கக் கூடாது, 11-ல மட்டுந்தான் ரெட்டிப்பாக்கலாம்னு. மேசையெல்லாம் காத்தாடிச்சு. டிப்ஸை நம்பிப் பொழைக்குற டீலரெல்லாம் மூக்கால அழுதான். சில வாரத்துலயே பழைய விதிக்கு வந்துட்டான். பெறவுதான் வேடிக்கை. புத்தகத்தை வாங்கினவன் எல்லாம் தன்னை வாத்தியாருன்னு நெனைச்சு வந்து உக்காந்தான். வாங்கினவன் எல்லாம் படிச்சவனாலே? கூட்டம் பெருத்தது, கல்லா நெறைஞ்சது.

இப்ப எல்லாரும் எண்ணுறது ஹை-லோ. 2-லேருந்து 6 வரை எது விழுந்தாலும் ஒண்ணு கூட்டு. 10-ம் படமும் ஆஸும் விழுந்தா ஒண்ணு கழி. 7, 8, 9-ஐ விட்டுரு. கூட்டிக்கிட்டே வந்தா ரன்னிங் கவுண்ட். சின்னச் சீட்டெல்லாம் தீந்துட்டுதுன்னா மிச்சம் இருக்குறது பெருசு. உனக்குப் பிளாக்ஜாக் கூடுதலா விழும். 12-லேருந்து 16 வரை மாட்டிக்கிட்ட டீலர் விதிப்படி எடுத்து வெடிப்பான். ஆனா கூட்டின எண்ணை அப்படியே நம்பிராதே. ஒரு கை உப்பைச் செம்புத் தண்ணில போட்டா வாயில வைக்க முடியாது, கெணத்துல போட்டா மீனுக்குக் கூடத் தெரியாது. சீட்டுப் பெட்டிக்குள்ள மிச்சம் எத்தனை கட்டு இருக்கோ அதால வகுக்கணும். 6 எண்ணம் இருந்து 6 கட்டு பாக்கின்னா 1. அதே 6 இருந்து 2 கட்டுத்தான் பாக்கின்னா 3. அதுக்கு ட்ரூ கவுண்ட்னு பேரு. 3-ஐத் தொட்டாத்தான், நான் வைஞ்சேனே இன்சூரன்ஸ், அது கூட நல்ல பந்தயமா மாறும். எண்ணத் தெரிஞ்சவனுக்கு மட்டும்.

இத்தனையும் செஞ்சா என்ன கெடைக்கும்? 100-க்கு 1 டாலர் பக்கம் சாதகம். அதுவும் சராசரி. டீலர் சளைக்காமச் சீட்டை வீசுவான். பக்கத்துல ஒருத்தி குடிக்க என்ன வேணும்னு கேப்பா. நீ மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சு வகுத்துக்கிட்டே, மூஞ்சில ஒண்ணுந் தெரியாத மாதிரி சிரிக்கணும். ரேஷன் கடைல சில்லறை எண்ணவே உனக்கு போன் வேணும். அங்கன போனை எடுத்தியோ தொலைஞ்சே. வேகஸ் இருக்குற நெவாடாவுல கணக்குப் போடுற கருவி எதையும் மேசைல பயன்படுத்துறது 1985-லேருந்து குற்றம். மண்டைக்குள்ள எண்ணுறது மட்டும் குற்றமில்லே.

குற்றமில்லேன்னாலும் அவனுக்குப் பிடிக்காது. முதுகுக்குப் பின்னால, மேசைகளை மேற்பார்வை பாக்குற பிட் பாஸ் வந்து நிக்கிறதுக்கு ஹீட்னு பேரு. பெறவு ஒருத்தர் அத்தனை மரியாதையா வருவாரு. உங்க ஆட்டம் எங்களுக்குத் தாங்கலே சார், வேற எந்த ஆட்டம் வேணும்னாலும் ஆடுங்கம்பாரு. அந்த மரியாதையோட பேரு பேக் ஆஃப். கென் யூஸ்டன்னு ஒருத்தர், பங்குச் சந்தைல பெரிய உத்தியோகம் பாத்தவரு. ஆளுகளை மேசை மேசையா எண்ண விட்டு, சீட்டு சூடாகும்போது பெரிய பணக்காரன் வேசத்துல போய்க் குதிப்பாரு. அந்த வேசத்துக்கு பிக் பிளேயர்னு பேரு. அட்லாண்டிக் சிட்டில வெளிய தள்ளினாங்க. கோர்ட்டுக்குப் போனாரு. 1982-ல அந்த ஊரு இருக்குற நியூஜெர்சியோட உச்ச நீதிமன்றம், எண்ணுறான்னு சொல்லி ஒருத்தரை வெளிய தள்ள கசினோவுக்கு உரிமை கெடையாதுன்னுட்டுது. அட்லாண்டிக் சிட்டிக்காரன் என்ன செஞ்சான்? தீர்ப்பைத் தலைவணங்கி ஏத்துக்கிட்டான். கட்டைக் கூட்டினான், கலைக்க வேண்டிய இடத்தைக் காட்டுற கட் கார்டை முன்னாலயே சொருகி, எண்ணம் சூடாகுறதுக்குள்ள கலைச்சுப் போட்டான். செயிச்சவரு கையில தீர்ப்பு இருந்தது.

கடைசியா காம்ப். ஓசிச் சோறு, ஓசி ரூமு. மேசைல உக்காந்ததும் பிளேயர் கார்டு கேப்பான், இலவசம்பான். நீ கைக்கு எவ்வளவு போடுதே, எவ்வளவு நேரம் ஆடுதேன்னு அதுல ஏத்திக்கிட்டே இருப்பான். கைக்கு 25 டாலர், மணிக்கு 60 கை, 4 மணி நேரம். மொத்தம் 6,000 டாலர் உன் கையால பொரண்டிருக்கும். 5-க்கு 6 மேசைல 100-க்கு 2 டாலர் பக்கம் அவன் பங்குன்னா 120 டாலர் உங்கிட்ட வரவேண்டிய வரவுன்னு எழுதி வச்சுக்குவான். அதுல ஒரு பங்கைத்தான் கோழிக்கறியா உன் தட்டுல வைக்கான். நீ ரெண்டாவது தடவை வாங்கித் தின்னுட்டு கசினோக்காரனை ஏமாத்திட்டேன்னு ஏப்பம் விடுவே.

கார்டு வாங்கினாலும் வீட்டு விலாசத்தை மட்டும் குடுக்காதே. ஊருக்கு வந்த பெறவும் “உங்களுக்காக ரெண்டு ராத்திரி இலவசம்”னு பளபளன்னு கடுதாசி வந்துக்கிட்டே இருக்கும், கையெழுத்தெல்லாம் போட்டு. உங்கப்பன் அமெரிக்காவுல இருந்த வீட்டுக்கு எம்பேர்ல எத்தனையோ வந்துது. உங்க ஆச்சி அதை ஏதோ முதியோர் சலுகைன்னு நெனைச்சு பத்திரமா எடுத்து வச்சிருக்கா. நீ போய் ஒண்ணும் விளக்கிக்கிட்டு இருக்காதே.